இருபத்தேழாம் எண் நடந்து வந்த காலை

பனிக்குள்ளிருந்து ஒரு கதவு நடந்து வந்தது.

பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சேர்வராயன் மலையில் பனி மாதங்களில், எதிரே வருவது ஆளா மாடா என்பதை இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கதவு இருமவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து, கீழே நான்கு கால்களுடன், ஒற்றையடிப் பாதையில் நிதானமாக வந்தது. முன்னால் வந்த கால்களில் குதிகால் வெடித்திருந்தது. பின்னால் வந்தவை கொஞ்சம் சிறியவை.

வாயிலிருந்த பற்பொடியைத் துப்பிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தேன். கதவில் தாரால் போட்ட எண் ஒன்று படுத்துக் கிடந்தது. இருபத்தேழு. ஏழின் வால் கொஞ்சம் வழிந்திருந்தது. சந்தேகமே இல்லை, என் கைவேலைதான்.

ஒரு பஞ்சாயத்து கிளார்க்குக்கு அரசாங்கம் பல பொறுப்புகளைக் கொடுத்திருந்தது. எண் போட்ட வீட்டின் எண் எதிரே நடந்து வந்தால் என்ன செய்வது என்று மட்டும் எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதியிருக்கவில்லை.

தார் டின்

போன வாரம் பஞ்சாயத்து ரேடியோவைப் பற்றி எழுதியதைப் படித்த ஒரு வாசகர், "கிளார்க் வேலை என்றால் சாயங்காலம் ரேடியோ போடுவதுதானா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. தெருவிளக்குக்கு பல்பு மாட்ட வேண்டும். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். மறுநாள் குடத்தோடு வந்து திட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். செத்த நாயை அப்புறப்படுத்த ஆள் பிடிக்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் அந்த ஆள் நாமேதான். ரேடியோவெல்லாம் இதற்குப் பிறகு.

எழுபதுகளின் கடைசியில் நான் சேலத்திலிருந்து மலையேறியபோது ஊராட்சித் தேர்தல் நடக்காத காலம். தலைவர் நாற்காலி இருந்தது, தலைவர் இல்லை. அவருடைய வேலையை யூனியன் ஆபீஸ் கமிஷனரே பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. கமிஷனருக்கோ மலை முழுவதும் வேலை. ஆகவே எங்கள் ஊரைப் பொறுத்தவரை அரசாங்கம் என்பது நானும் ஒரு தார் டின்னும்தான்.

அந்தத் தார் டின் வந்தது வீடுகளுக்கு எண் போடுவதற்காக. 'தெளிவாகத் தெரியும் இடத்தில் எண் இடுக' என்று உத்தரவு. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி நானே அச்சு செய்துகொண்டேன். எட்டு மட்டும் சரியாக வரவில்லை. அது கடைசி வரைக்கும் பூசணிக்காயாகவே இருந்தது.

எங்கே போடுவது என்பதில்தான் சிக்கல். வீடுகளின் சுவரெல்லாம் மூங்கில் தப்பையில் மண் அப்பியது. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு முன்னால் ஒரு வீடு பாக்கியில்லாமல் செம்மண் பூசிவிடுவார்கள். சுவரில் போட்ட எண் சாமி புறப்படுவதற்கு முன்பே காணாமல் போய்விடும். கதவுதான் கெட்டி. பலாமரத்துப் பலகை, யானை முட்டினாலும் யோசிக்கும். கதவில் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் சரியான இடம் என்பேன்.

எண்கள் குடிபோன கதை

மலைக்காரர்கள் வீடு கட்டும் முறை எனக்கு அப்போது தெரியாது. மூங்கில், மண், புல் எல்லாம் காலடியிலேயே கிடைக்கும். கிடைக்காத பொருள் கதவு ஒன்றுதான். அகலமான பலாப்பலகைக்கு முற்றின மரம் வேண்டும், அறுக்க ஆள் வேண்டும், இழைக்க ஆசாரி வேண்டும். அதனால் வீடு மாறும்போது சுவரை விட்டுவிடுவார்கள், கதவை விட மாட்டார்கள். அண்ணன் தம்பி பிரிந்தாலும், வீட்டில் சீக்கு நீடித்தாலும், மழையில் மண் சரிந்தாலும் கதவைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கதவு போய் நிற்கிற இடம்தான் வீடு.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. "உங்கள் கதவு ஊர் சுற்றுமா?" என்று நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். அப்படி யார் கேட்பார்கள்?

இரண்டாம் வருஷம் தெருவிளக்கு பார்க்கப் போனபோதுதான் கவனித்தேன். எட்டுக்குப் பக்கத்தில் நாற்பத்தொன்று நின்றது. பதின்மூன்று சுடுகாட்டுப் பாதையில் இருந்தது. முப்பதும் முப்பத்தொன்றும் ஒரே வீட்டில் முன்கதவும் பின்கதவுமாக இருந்தன. கல்யாணத்தில் வந்த கதவாம். தபால்காரரிடம் வருத்தப்பட்டேன். அவர் சைக்கிளை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"நம்பரைப் பாத்துக் கடுதாசி குடுத்தா நான் நாகலூரு வரைக்கும் அலையோணுமுங்க. பேரைச் சொல்லுங்க, போதும்."

எல்லாவற்றிலும் மோசமானது பதினோராம் எண். அது சடையக் கவுண்டருடைய பங்காளியின் வீடு. இருவர் நிலத்துக்கும் நடுவே ஒரு பலாமரம் நின்றது. அது யாருடையது என்பதில் தகராறு முற்றி, பங்காளி கோபித்துக்கொண்டு கதவோடு மாரமங்கலம் பக்கம் போய்விட்டார். போவதற்கு முன்னால் மரத்தை வெட்டி விற்றுவிட்டுத்தான் போனார். எங்கள் பதினொன்று இப்போது இன்னொரு பஞ்சாயத்தில் குடியிருந்தது. எண்ணைத் திருப்பி அனுப்பும்படி அந்தப் பஞ்சாயத்துக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். ஊரில் பதினொன்று காலியாகவே கிடந்தது.

சடையக் கவுண்டரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அப்போது அறுபதை ஒட்டிய வயது. கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, கீழ்ச்சரிவில் சாமை. பேச்சு கம்மி. பங்காளி பேரை எடுத்தால் மட்டும் கம்மி இல்லை.

கதவின் முன்பக்கம் வந்த வெடித்த குதிகால்கள் அவருடையவைதான்.

சாக்குத் தொங்கிய வாசல்

பின்பக்கக் கால்கள் பாவாயியுடையவை.

பாவாயியின் மாமனார் காலத்திலேயே அவர்கள் கீழ்நாட்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்கள். எஸ்டேட் கூலியாட்களின் லைன் வீட்டில் ஓர் அறை, புருஷன் பெயரில். பிள்ளை இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, அடுத்த காப்பிப் பழப் பறிப்புக்குப் புது ஆட்கள் வருகிறார்கள், அறையைக் காலி செய் என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் சொல்லிவிட்டார். கீழே இறங்கிப் போகலாமே என்று நானும் கேட்டேன்.

"கீழ எனக்கு யாருங்க இருக்கறா? பஸ்ஸை உட்டு எறங்குனா எந்தப் பக்கம் போறதுன்னுகூடத் தெரியாதுங்க சாமி."

ஊரின் கடைசியில், புறம்போக்கில், அவளே ஒரு குடிசை போட்டுக்கொண்டாள். சுவர் அவள் கையால் அப்பியது; விரல் பதிவுகள் அப்படியே தெரியும். வாசலுக்குக் கதவு இல்லை. காப்பிச் சாக்கு ஒன்று தொங்கியது.

அந்தச் சுவர் காய்வதற்குள் யூனியன் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. எண் இல்லாத வீடுகள் அனைத்தும் ஆக்கிரமிப்பாகக் கருதப்படும். அதிகாரி நேரில் வந்து பார்த்து அகற்றுவார். அதுவரை புது எண் எதுவும் கொடுக்கக் கூடாது. போய்ப் பாவாயியிடம் சொன்னேன். சொல்ல வேண்டியது என் வேலை.

"ஏனுங்க சாமி, இதுக்கு ஒரு நம்பரு போட்டுக் குடுங்க."

"புது நம்பர் போடக் கூடாதுன்னு ஆர்டர்ம்மா."

"பழைய நம்பரு இருக்கற ஊட்டையுமா இடிப்பாங்க?"

"அதைத் தொட மாட்டாங்க."

"அப்ப நம்பரு இருந்தா ஊடு, இல்லாட்டி இல்லீங்களா?"

"அப்படித்தான் வருது."

"செரிங்க" என்று சாக்கைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருப்பேன். அதற்கும் வழியில்லை. அன்று சாயங்காலம் ரேடியோவைப் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தோள் மாற்றிய இடம்

அந்த வாரம் சடையக் கவுண்டரின் மகன், சேலத்தில் மர டிப்போவில் வேலை செய்கிறவன், சில்வர் ஓக் பலகையில் புதுக்கதவு ஒன்று செய்து கொண்டுவந்து மாட்டியிருந்தான். பழைய கதவு ஆட்டுக் கொட்டகையில் சாய்ந்திருந்தது. பாவாயி போய்க் கேட்டாள். கவுண்டர் கொடுத்துவிட்டார். அதைத்தான் இருவரும் பனியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"கவுண்டரே, என்னங்க இது?"

"கதவுங்க."

"தெரியுது. எங்க போகுது?"

"இந்தம்மா ஊட்டுக்குங்க. சாக்குக்குள்ள நாய் பூந்துருதாம்."

கதவுக்குப் பின்னாலிருந்து பாவாயி எட்டிப் பார்த்தாள். "நம்பரோடவே தாரேன்னு சொல்லிட்டாருங்க."

"நம்பரையெல்லாம் அப்படித் தர முடியாதும்மா."

கவுண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கதவைக் குடுக்கறப்ப அதைச் சொரண்டிப்போட்டா குடுப்பாங்க?"

நியாயமான கேள்வி. பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது, "ஏனுங்க கிளார்க்கு, இதைச் செத்தப் புடிங்க, தோளு மாத்திக்கறேன்" என்றார். பிடித்தேன். ரொம்பவும் கனமான கதவு. அவர் தோள் மாற்றிக்கொண்டார். கதவு பனிக்குள் போய்விட்டது.

ஜீப்

அடுத்த மாதம் அதிகாரி வந்தார். அட்டை ஏறாமலிருக்கக் கால் சட்டையைச் சாக்ஸுக்குள் சொருகி, சாக்ஸில் புகையிலைத் தண்ணீர் நனைத்திருந்தார். அப்படியும் ஏறியது. கெட்ட மனிதர் இல்லை. மழைக்கு முன்னால் மலையிறங்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு ஊர்மேல் வேறு கோபம் இல்லை.

முதலில் பாவாயி குடிசை. சுவர் நேற்று அப்பியதுபோல் இருந்தது. கூரைப்புல்லில் பச்சை வாசனை இன்னும் போகவில்லை. கதவு மட்டும் சேர்வராயனுக்குச் சம வயது. அதிகாரி எண்ணைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"இருபத்தேழு. சடையன். சரி, அடுத்தது."

எனக்கு மூச்சு வந்தது. இரண்டு வளைவு தள்ளி அது மறுபடியும் நின்றது. ஓடு போட்ட பெரிய வீடு. பளபளவென்று சில்வர் ஓக் கதவு. எண் இல்லை.

"இது யார் வீடு?"

"சடையக் கவுண்டர் வீடு சார்."

"அவர் வீட்டைத்தான் இப்பப் பார்த்தோம்?"

நான் மேலே மரத்தைப் பார்த்தேன். கவுண்டர் வெளியே வந்தார்.

"பெரியவரே, உங்க நம்பர் என்ன?"

"இருபத்தேழுங்க."

"எங்கே காணோம்?"

"குடுத்துட்டனுங்க."

அதிகாரி உத்தரவை எடுத்து முதலிலிருந்து படித்தார். இரண்டாவது முறை வாய்விட்டுப் படித்தார். அதன்படி, போன மாதம் புல் வேய்ந்த குடிசை முறையான வீடு. கவுண்டருடைய அப்பா பிறந்த ஓட்டுவீடு ஆக்கிரமிப்பு. அகற்றப்பட வேண்டும். அதிகாரிக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது. பாவாயியும் ஓடிவந்து மிளகுக்கொடிக்குப் பின்னால் நின்றாள்.

"இதுல ஒண்ணும் சிரமமே இல்லை" என்றார் அதிகாரி. "போய் உங்க கதவைத் திருப்பி வாங்கிட்டு வாங்க. எல்லாம் சரியாயிடும்."

எல்லாம் சரியாகிவிடும்தான். பாவாயி குடிசையை அன்றைக்கே பிரித்துவிடலாம். அவள் மிளகுக்கொடியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது ஆவாதுங்க" என்றார் கவுண்டர். "ஒருத்தருக்குக் குடுத்து, அவுங்க உள்ள அடச்சுப் படுத்த கதவை, அந்த ஊட்டுல சாவு உழுந்தாத்தானுங்க திருப்பிக் கழட்டுவோம். அந்தம்மா நல்லாத்தானே நிக்குது?"

"அப்ப உங்க வீட்டைத்தானே இடிக்கணும்?"

"இடிச்சுக்குங்க. இடிச்சாலும் இது சடையன் ஊடு இருந்த எடம்னு ஊரே சொல்லுமுங்க. அந்தம்மாளுக்கு அந்த நம்பரை உட்டா ஒண்ணுமில்லீங்க."

அதிகாரி வாசலிலிருந்த ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து, சாக்ஸைக் கழற்றி, அட்டையைப் பிய்த்துப் போட்டார். ரத்தம் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த நேரத்தில் யோசித்திருக்கிறார்.

"ஏம்ப்பா கிளார்க், புது நம்பர்தானே தரக் கூடாது? பழைய நம்பர் ஏதாவது காலியா இருக்கா?"

"பதினொண்ணு இருக்குது சார். மாரமங்கலம் போயிடுச்சு."

"வீட்டுக்காரரா?"

"நம்பரும் சார்."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று. "இவர் கதவுல அதைப் போட்டு விடு" என்றார்.

கடப்பாரை

ஓடிப்போய்த் தார் டின்னும் அச்சும் கொண்டுவந்தேன். புதுக்கதவில் தகரத்தை வைத்து அழுத்தினேன். கவுண்டர் பக்கத்தில் வந்து பார்த்தார்.

"ஏனுங்க, அது என்ன நம்பரு?"

"பதினொண்ணுங்க கவுண்டரே."

வீட்டையே இடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெற்றிலை மென்றுகொண்டிருந்த மனிதர் துள்ளிக் குதித்தார்.

"அவன் நம்பரா? என்ற பலாமரத்தை முழுங்குனவன் நம்பரு என்ற ஊட்டுல ஏறுறதா? எடுங்க கையை! ஊட்டை இடிங்க, இப்பவே இடிங்க, கடப்பாரை நானே தாரேன்!"

சொன்னதோடு நிற்கவில்லை. கொட்டகைக்குள் போய்க் கடப்பாரையோடு வந்தார். அதிகாரி ஆட்டுக்கல்லின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் தார் டின்னைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டேன்.

மிளகுக்கொடிக்குப் பின்னாலிருந்து பாவாயியின் குரல் வந்தது.

"ஏனுங்க சாமி, அந்தப் பதினொண்ணை எனக்குப் போட்டுருங்க. அவரு நம்பரை அவரு ஊட்டுலயே போடுங்க. சண்டை கட்டறதுக்கு எனக்குப் பங்காளி யாருங்க இருக்கறா?"

கடப்பாரை கீழே இறங்கியது. அதிகாரி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். உத்தரவில் அதற்குத் தடை எதுவும் இல்லை என்றார். எதற்குத் தடை இருந்தது என்பது அதற்குள் எங்கள் இருவருக்குமே மறந்துபோயிருந்தது.

புதுக்கதவில் இருபத்தேழு போட்டேன். ஏழின் வால் இந்தத் தடவையும் வழிந்தது. பிறகு பாவாயி குடிசைக்குப் போய்ப் பழைய கதவில் பதினொன்று போட்டேன். மேலே இருந்த இருபத்தேழைத் தாரால் அடிக்கப் போனபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"அதை அழிக்காதீங்க சாமி. இத்தனை வருசம் லைன்ல இருந்தனுங்க, அங்க இருந்த நம்பரு எஸ்டேட்டோடதுங்க. இது அவரு குடுத்தது. அது நீங்க குடுத்தது. ரெண்டும் இருக்கட்டும்."

அதிகாரியிடம் கேட்கலாம் என்று திரும்பினேன். அவர் ஜீப்புக்குப் பாதி தூரம் போயிருந்தார். விட்டுவிட்டேன்.

எங்கள் பஞ்சாயத்தில் இரண்டு எண் உள்ள வீடு அது ஒன்றுதான். பிற்பாடு மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் அங்கே இரண்டு குடும்பம் என்று எழுதிக்கொண்டு போனார். பாவாயி அதை மறுக்கவில்லை.

மறுபடியும் ஒரு கதவு

அதன் பிறகு தகர வில்லைகள் வந்தன. சுவரில் ஆணி வைத்து அடித்துவிட்டோம். எண்கள் ஓர் இடத்தில் நிற்கக் கற்றுக்கொண்டன. கதவுகள் அவை பாட்டுக்குத் தங்கள் வழியில் போயின.

பாவாயி அந்தக் குடிசையில் பல வருஷம் இருந்தாள். பறிப்புக்குக் கூப்பிட்டால் போவாள். மற்ற நாட்களில் பஸ் நிற்கிற இடத்தில் கொய்யாப்பழம் விற்பாள். ஆபீஸைக் கடக்கும்போது ஒரு பழத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போவாள். வேண்டாம் என்று சொன்னால் காதில் விழாது.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், ஓர் ஐப்பசி மழையில், இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். லைன் ஆட்களும் வந்தார்கள், மலைக்காரர்களும் வந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு சடையக் கவுண்டர் மட்டும் குடிசைக்குத் திரும்பி வந்தார். முதுகு வளைந்துவிட்டிருந்தது. நிலையிலிருந்து கதவை அசைத்து அசைத்துக் கழற்றினார். மகன் சேலத்தில் இருந்தான். சுற்றிலும் பார்த்தார். நான்தான் நின்றேன்.

"ஏனுங்க கிளார்க்கு, அந்தப் பக்கம் செத்தப் புடிங்க."

பிடித்தேன். முன்னால் அவர், பின்னால் நான். பனி இறங்கிவிட்டது. எதிரே வந்தவர்களுக்கு ஒரு கதவும் நான்கு கால்களும்தான் தெரிந்திருக்கும். ஆபீஸ் வாசலில் மூச்சு வாங்க நின்றோம். கதவைச் சுவரில் சாய்த்தபோது இரண்டு எண்களும் பக்கம் பக்கமாகப் படுத்திருந்தன.

"இதை எங்க போடப் போறீங்க கவுண்டரே?"

"என்ற ஊட்டுக்குத்தானுங்க. அந்தச் சில்வர் ஓக்கு கரையான் புடிச்சுப்போச்சு."

எனக்குப் பழைய கடப்பாரை ஞாபகம் வந்தது. "கொஞ்சம் இருங்க. உள்ள தார் இருக்குது. அந்தப் பதினொண்ணை அழிச்சுட்டுத் தாரேன்."

கவுண்டர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, குனிந்து கதவுக்குத் தோள் கொடுத்தார்.

"அதை எதுக்குங்க அழிக்கோணும்? அது பாவாயி நம்பருங்க" என்றார். "புடிங்க, போலாம்."